சுழற்சியும் நீரழுத்தமும்: பம்புசெட்டில் ஓர் அறிவியல் பாடம்

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் 'இயக்கம்', 'பாய்மங்கள்' ஆகிய பாடங்களை அடுத்தடுத்து நடத்துகிறோம். முதல் பாடத்தில் வட்ட இயக்கம், மையநோக்கு விசை, மையவிலக்கு விசை வருகின்றன. அடுத்த பாடத்தில் நீரின் ஆழத்தைப் பொறுத்து அழுத்தம் கூடுவது, வளிமண்டல அழுத்தம், பாஸ்கல் விதி ஆகியவை வருகின்றன. மாணவர்கள் இரண்டையும் தனித்தனியே படித்து, தனித்தனியே தேர்வும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் இந்த இரண்டு பாடங்களும் ஒன்றாகக் கைகோத்து வேலை செய்யும் கருவி ஒன்று பல மாணவர்களின் தோட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் கிணற்றுப் பம்பு.

சங்கரன்கோவில் வட்டாரத்துக்குப் பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. கிணறும் குளமும்தான் விவசாயத்துக்கு ஆதாரம். எனவே 'மோட்டார் காற்று வாங்குது', 'தண்ணி ஊத்தி எடுத்துவிடணும்', 'கரண்டு மாறி வந்து தலைகீழாச் சுத்துது' போன்ற பேச்சுகள் எங்கள் மாணவர்களுக்குப் பழக்கமானவை. இந்த ஒவ்வொரு பேச்சுக்குள்ளும் ஓர் இயற்பியல் விதி இருக்கிறது. அதை வெளியே எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். மோட்டாரின் சுழற்சி, குழாயில் உள்ள நீரின் அழுத்தத்தை எப்படி மாற்றுகிறது? இதற்கு விடை தெரிந்த மாணவருக்குப் பாசனம் மட்டுமன்றி, வீட்டுக் குடிநீரின் பாதுகாப்பும் புரியும்.

கமலையிலிருந்து பம்புக்கு

இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து சால் மேலே வரும் கமலை இறைப்பை இன்றைய மாணவர்கள் பார்த்ததில்லை. தாத்தா பாட்டியிடம் கேட்டால் சொல்வார்கள். கமலையில் தண்ணீர் நேராகத் தூக்கப்படுகிறது. மாடு எவ்வளவு தூரம் நடக்கிறதோ அவ்வளவு உயரம் சால் ஏறும். இதில் நீரழுத்தம் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

1932இல் பைக்காரா, 1944இல் பாபநாசம் என நீர்மின் நிலையங்கள் அமைந்து, பின்னர் கிராமங்களுக்கு மின்சாரம் பரவியபோது கமலை மெல்ல மறைந்து பம்புசெட்டுகள் வந்தன. கோயம்புத்தூர் பம்பு உற்பத்திக்குப் பெயர்பெற்றது. பம்பு தண்ணீரைக் கட்டித் தூக்குவதில்லை, சுழற்றுகிறது. சுழற்றினால் தண்ணீர் ஏன் மேலே ஏற வேண்டும்? இந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 'மோட்டார் இழுக்குது சார்' என்பதே பெரும்பாலும் வரும் பதில். அந்தப் பதிலில் இருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

விளிம்பில் அழுத்தம் கூடுவது ஏன்?

பேருந்தில் ஒரு நீண்ட இருக்கையில் நான்கு பேர் அமர்ந்திருக்கிறார்கள். வண்டி வேகமாக ஒரு வளைவில் திரும்புகிறது. எல்லோரும் வளைவின் வெளிப்பக்கம் சாய்கிறார்கள். அதிகமாக நசுங்குவது யார்? வெளிப்பக்க ஓரத்தில் இருப்பவர்தான். உள்பக்கம் இருக்கும் முதல் ஆளை வளைவில் திருப்ப இரண்டாமவர் அவரைத் தள்ளவேண்டும். முதல் இருவரையும் சேர்த்துத் திருப்ப மூன்றாமவர் தள்ளவேண்டும். கடைசியில் உள்ளவர் மூவரின் பாரத்தையும் தாங்குகிறார். அவரைப் பேருந்தின் சுவர் தாங்குகிறது.

சுழலும் நீரிலும் இதேதான் நடக்கிறது. நீரை மையத்திலிருந்து விளிம்புவரை வளையம் வளையமாகப் பிரித்துக் கற்பனை செய்யுங்கள். ஒவ்வொரு வளையமும் நேர்கோட்டில் ஓடிவிடாமல் வட்டத்தில் சுற்றவேண்டுமானால், மையத்தை நோக்கி ஒரு விசை தேவை. அந்த விசையை அதற்கு வெளியே உள்ள வளையம் தருகிறது. வெளியே போகப் போக, உள்ளிருக்கும் எல்லா வளையங்களுக்கும் சேர்த்து விசை தரவேண்டியிருப்பதால் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே சுழலும் நீரில் மையத்தில் அழுத்தம் குறைவு, விளிம்பில் அதிகம்.

கிணற்றில் ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடுவதற்கும் இதுவே அடிப்படை. அங்கே மேலடுக்குகளின் எடையைக் கீழடுக்கு தாங்குகிறது. இங்கே உள்வளையங்களைச் சுழலவைக்கும் பொறுப்பை வெளிவளையம் சுமக்கிறது. இந்த ஒப்பீட்டைச் சொன்னால், இரண்டு பாடங்களும் ஒரே இடத்தில் சந்திப்பதை மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

எவ்வளவு அழுத்தம்?

இதற்கான கணக்குக்குப் புதிய சூத்திரம் தேவையில்லை. ஒரு கல்லை மேல்நோக்கி எறிந்தால் அது எட்டும் உயரம், எறிந்த வேகத்தின் வர்க்கத்தை, புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். சுழற்சி மட்டும் தரும் அழுத்தத்துக்கும் இதே விடைதான். சுழலும் விளிம்பின் வேகத்தில் ஒரு கல்லை எறிந்தால் எவ்வளவு உயரம் போகுமோ, அவ்வளவு உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும் அழுத்தம் மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே உண்டாகும்.

பம்பின் உள்ளே சுழலும் வளைந்த இதழ்கள் கொண்ட தட்டை இம்பெல்லர் என்கிறோம். அதன் விட்டம் 150 மில்லிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 2880 சுற்று என்று கொள்வோம். நொடிக்கு 48 சுற்று. தட்டின் சுற்றளவு ஏறக்குறைய 0.47 மீட்டர். எனவே விளிம்பின் வேகம் நொடிக்கு 22.6 மீட்டர். இதன் வர்க்கம் ஏறக்குறைய 511. இதை 19.6ஆல் வகுத்தால் 26 மீட்டர். உள்ளங்கையை விரித்தால் அடங்கிவிடும் அளவுள்ள ஒரு தட்டு, ஏறக்குறைய எட்டு மாடி உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தத்தைச் சுழற்சியால் மட்டுமே தருகிறது.

2880 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்கலாம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலைவுகள் கொண்டது. இருதுருவ மோட்டாரில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றும். மோட்டாரின் சுழலி அதைவிடச் சற்றுப் பின்தங்கிச் சுற்றுவதால் 2880 அளவில் நிற்கிறது.

வேகத்தின் வர்க்கம் வருவதால், சுற்று பாதியானால் அழுத்தம் பாதியாகாது; கால் பங்காகிவிடும். அதே தட்டு 1440 சுற்றில் ஓடினால் 26 மீட்டர் 6.5 மீட்டராகக் குறையும். விட்டத்தைப் பாதியாக்கினாலும் இதே விளைவுதான்.

விளிம்பை விட்டு வெளியேறும் நீரில் அழுத்தத்தோடு வேகமும் இருக்கிறது. பம்பின் வெளிக்கூடு நத்தை ஓடு போல மெல்ல மெல்ல அகன்று செல்வதைக் கவனித்திருப்பீர்கள். அகலும் பாதையில் நீரின் வேகம் குறைய, அந்த இயக்க ஆற்றலில் ஒரு பகுதி அழுத்தமாக மாறுகிறது. இதழ்கள் வளைந்திருப்பதும் அழகுக்காக அல்ல. 1851இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஜான் அப்போல்டு வளைந்த இதழ்கள் கொண்ட பம்பைக் காட்டினார். நேரான இதழ்கள் கொண்ட பம்பைக் காட்டிலும் அதன் பயனுறுதிறன் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது.

மோட்டார் தண்ணீரை இழுக்கிறதா?

இழுக்கவில்லை என்பதே சரியான விடை. இம்பெல்லரின் மையத்திலுள்ள நீர் விளிம்பை நோக்கிச் செல்லும்போது மையத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைகிறது. கிணற்று நீரின் மேற்பரப்பை வளிமண்டலம் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தமே நீரைக் குழாய் வழியே பம்புக்குத் தள்ளுகிறது. பம்பு செய்வது ஓர் இடத்தைக் காலி செய்து கொடுப்பது மட்டுமே.

வளிமண்டலம் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம், கடல்மட்டத்தில் ஏறக்குறைய 10.3 மீட்டர். எனவே எத்தனை குதிரைத்திறன் மோட்டாராக இருந்தாலும், அதைக் கிணற்று மேட்டில் வைத்து அதற்குமேல் ஆழத்திலிருந்து நீரை எடுக்க முடியாது. குழாய் உராய்வு போன்ற இழப்புகளால் நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டரே கிடைக்கும். கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, விவசாயிகள் கிணற்றின் உள்ளே மேடை கட்டி மோட்டாரைக் கீழே இறக்கியது இதனால்தான். இயற்பியல் பாடநூலில் உள்ள 10.3 என்ற எண்ணைக் கிணற்றுச் சுவரில் தெரியும் பழைய மோட்டார் மேடைகளில் படிக்கலாம்.

மையத்தில் அழுத்தம் மிகவும் குறைந்துவிட்டால் இன்னொரு சிக்கல் வரும். 30 டிகிரி செல்சியஸிலேயே நீர் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் அல்லவா? அக்குமிழ்கள் விளிம்புக்குச் சென்றதும், அங்குள்ள உயர் அழுத்தத்தில் சட்டென்று உடைகின்றன. பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போன்ற சத்தம் கேட்கும். நாளடைவில் இம்பெல்லரில் அரித்தது போன்ற குழிகள் விழும்.

தண்ணீர் ஊற்றி எடுத்துவிடுவது ஏன்?

கிணற்று மேட்டில் உள்ள பம்பை ஓட்டும் முன் அதன் உள்ளே தண்ணீர் ஊற்றி நிரப்புகிறார்கள். குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு அந்த நீரைக் கிணற்றுக்குள் திரும்ப விடாமல் பிடித்துவைக்கிறது. பம்பில் காற்று இருந்தால் ஏன் வேலை செய்வதில்லை?

மேலே கண்ட 26 மீட்டர் என்பது, சுழலும் பொருள் எதுவோ அப்பொருளின் தம்பத்தின் உயரம். பம்புக்குள் நீர் சுழன்றால் 26 மீட்டர் நீர்த்தம்பம். காற்று சுழன்றால் 26 மீட்டர் காற்றுத்தம்பம். ஒரு கனமீட்டர் நீரின் நிறை 1000 கிலோகிராம். காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிலோகிராம்தான். ஆகவே 26 மீட்டர் காற்றுத்தம்பம் தரும் அழுத்தம், வெறும் 3 சென்டிமீட்டர் நீர்த்தம்பத்துக்குச் சமம். மோட்டார் முழு வேகத்தில் ஓடும். தண்ணீரோ குழாயில் மூன்று விரற்கடைகூட ஏறாது. 'மோட்டார் காற்று வாங்குது' என்ற ஒரு சொல்லில் அடர்த்தி பற்றிய முழுப்பாடமும் அடங்கியிருக்கிறது.

கோடையில் நீர்மட்டம் ஃபுட் வால்வுக்கு அருகே வந்துவிட்டால், அதன்மேல் சுழி விழுவதைப் பார்க்கலாம். அதுவும் சுழற்சிதான். சுழியின் நடுவில் அழுத்தம் குறைவதால் நீர்ப்பரப்பு குழிந்து, அந்தக் குழி வழியே காற்று குழாய்க்குள் நுழைந்துவிடுகிறது.

தலைகீழாகச் சுற்றினால்?

மும்முனை மின்சாரத்தில் எவையேனும் இரண்டு முனைகள் இடம் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போது தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பிப் போகுமா? பெரும்பாலான மாணவர்கள் 'ஆம்' என்பார்கள். உண்மையில் தண்ணீர் அதே திசையில்தான் வரும். ஆனால் குறைவாக வரும்.

காரணம் எளிது. அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எதிர்க்குறியை வர்க்கப்படுத்தினாலும் நேர்க்குறிதானே வரும்? வலமாகச் சுழன்றாலும் இடமாகச் சுழன்றாலும் விளிம்பில்தான் அழுத்தம் கூடும். ஆனால் இதழ்களின் வளைவும் கூட்டின் வடிவமும் ஒரு திசைக்கென்றே அமைந்தவை என்பதால், எதிர்த்திசையில் பயன் குறைந்து ஆற்றல் வீணாகிறது. சிலவகைப் பம்புகளில் இம்பெல்லரே கழன்றுவிடவும் கூடும். கணித ஆசிரியர்களும் இந்த எடுத்துக்காட்டைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஆழ்துளைக் கிணற்றின் தந்திரம்

ஆழ்துளைக் கிணறு குறுகலானது. அதற்குள் 150 மில்லிமீட்டர் தட்டுக்கு இடமில்லை. 75 மில்லிமீட்டர் தட்டு 2880 சுற்றில் தருவது ஏறக்குறைய 6.5 மீட்டர்தான். தண்ணீரோ பல பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. என்ன செய்வது?

ஒரே தண்டில் பல இம்பெல்லர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுகிறார்கள். முதல் தட்டின் விளிம்பிலிருந்து வரும் நீர் இரண்டாம் தட்டின் மையத்துக்குப் போகிறது. அங்கே மேலும் அழுத்தம் பெற்று மூன்றாவதுக்குப் போகிறது. இந்தக் கணக்கில் 12 தட்டுகள் இருந்தால் 78 மீட்டர். பம்பின் மேல் ஒட்டியுள்ள தகட்டில் 'ஸ்டேஜ்' என்று எழுதியிருப்பது இந்த அடுக்குகளின் எண்ணிக்கையைத்தான். மேலும், இந்தப் பம்பு நீருக்குள்ளேயே மூழ்கி நிற்பதால் வளிமண்டல அழுத்தம் விதிக்கும் 10.3 மீட்டர் எல்லை அதைக் கட்டுப்படுத்துவதில்லை. தண்ணீர் ஊற்றி எடுத்துவிடும் வேலையும் இல்லை.

இதையே திருப்பிப் போட்டால் பாபநாசம் மின்நிலையம். அங்கே உயரத்திலுள்ள நீரின் அழுத்தம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. பம்பில் சுழற்சி அழுத்தமாகிறது. டர்பைனில் அழுத்தம் சுழற்சியாகிறது.

வகுப்பறையில் மூன்று செயல்பாடுகள்

1. சுழலும் டப்பா: ஒளிபுகும் உருளை வடிவ டப்பாவில் பாதியளவு வண்ணநீர் எடுத்து மூடி, மூடியின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். நூலை முறுக்கிவிட்டால் டப்பா சுழலும். சிறிது நேரத்தில் நீர்ப்பரப்பு நடுவில் குழிந்து ஓரத்தில் உயரும். டப்பாவின் விட்டம் 8 சென்டிமீட்டராக இருந்து, நீரும் சேர்ந்து நொடிக்கு 2 சுற்று சுழன்றால், ஓரத்துக்கும் நடுவுக்கும் உள்ள உயர வேறுபாடு ஏறக்குறைய 1.3 சென்டிமீட்டர். 4 சுற்றானால் 5 சென்டிமீட்டருக்கு மேல். கைப்பேசியில் படம்பிடித்து மெதுவாக ஓட்டிச் சுற்றுகளை எண்ணலாம்.

2. உறிஞ்சுகுழல் பம்பு: அரவிந்த் குப்தாவின் பொம்மைகள் மூலம் நம்மில் பலர் அறிந்தது. உறிஞ்சுகுழலின் சரிநடுவில் ஈர்க்குச்சியைக் குத்திச் செருகுங்கள். நடுவிலிருந்து இருபுறமும் 4 சென்டிமீட்டரில் பாதி அளவுக்கு மட்டும் வெட்டி, இரு முனைகளையும் கீழ்நோக்கி மடக்கி, ஈர்க்குச்சியோடு சேர்த்து ஒட்டுங்கள். முனைகள் அடைபடக் கூடாது. இப்போது தலைகீழ் முக்கோணம் கிடைக்கும். கூர்முனையை நீரில் வைத்து, மோர் கடையும் மத்தைப்போல் ஈர்க்குச்சியை உள்ளங்கைகளால் உருட்டினால், வெட்டிய இரு மூலைகளிலும் தண்ணீர் சிதறும். நீர்மட்டத்திலிருந்து மூலை 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நொடிக்கு ஏறக்குறைய 4 சுற்றாவது தேவை. முதல் செயல்பாட்டில் கண்ட அதே கணக்குதான். மத்து இருதிசையிலும் சுற்றுகிறது. இருதிசையிலும் தண்ணீர் வருகிறது. தலைகீழ் மோட்டார் கேள்விக்கு இதுவே நேரடி விடை. நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களும் இதைச் செய்து மகிழ்வார்கள்.

3. ஓட்டைக் குழாய்: பயன்படுத்தாத புதிய மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் நடுவில் ஊசியால் துளையிடுங்கள். மேசைமேல் ஒரு கிண்ணத்தில் வண்ணநீர் வைத்து, துளையுள்ள பகுதி அதில் மூழ்கும்படி குழாயைச் செலுத்துங்கள். ஒரு முனை மேசைக்குக் கீழே வைத்த தெளிந்த நீரில் இருக்கட்டும். மறுமுனையில் ஊசி இல்லாத சிரிஞ்சைப் பொருத்துங்கள். சிரிஞ்சில் தெளிந்த நீரை நிரப்பி அழுத்தித் தள்ளினால், துளை வழியே நீர் வெளியே கசியும். சிரிஞ்சை இழுத்தால் வண்ணநீர் துளை வழியே உள்ளே வரும். இதை வாயால் உறிஞ்சிச் செய்ய வேண்டாம்.

பம்பின் தகட்டில் உள்ள சுற்று, ஸ்டேஜ், ஹெட், குதிரைத்திறன் ஆகியவற்றைப் பெற்றோர் மூலம் குறித்துவரச் சொல்லலாம். மாணவர்கள் தனியே கிணற்றடிக்கோ மோட்டார் அறைக்கோ போகக் கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

குடிநீர்க் குழாயில் மோட்டார்

மூன்றாவது செயல்பாடு வெறும் விளையாட்டல்ல. தெருக் குடிநீர்க் குழாய்க்கு அழுத்தம் தருவது மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் உயரம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கிடைக்கும். குழாய் நிறைந்து அழுத்தத்தோடு ஓடும்வரை, இணைப்புகளில் சிறு விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். இழப்பு உண்டு; ஆபத்து குறைவு.

ஒரு வீட்டில் குடிநீர் இணைப்போடு நேரடியாக மோட்டாரைப் பொருத்தி ஓட்டினால் என்னவாகும்? இம்பெல்லரின் மையத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைவிடக் குறையும் என்று கண்டோம். அந்தக் குறைவு மோட்டாரோடு நிற்பதில்லை. அதோடு இணைந்த குழாய்க்குள்ளும் பரவுகிறது. பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோகிறது. எல்லோரும் பார்ப்பது இதைத்தான். யாரும் பார்க்காதது இன்னொன்று: கழிவுநீர் ஓடையை ஒட்டிச் செல்லும் குழாயில் விரிசல் இருந்தால், அதுவரை வெளியே கசிந்த இடத்தில் இப்போது கழிவுநீர் உள்ளே வருகிறது. கிண்ணத்து வண்ணநீர் சிரிஞ்சுக்குள் வந்ததைப் போலத்தான். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் பரவ இது ஒரு வழி. முதலில் பாதிக்கப்படுவது சிறு குழந்தைகள்.

குடிநீர் இணைப்பில் மோட்டார் பொருத்தக் கூடாது என்று உள்ளாட்சி அமைப்புகள் அறிவிப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கும் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல. மோட்டார் வைத்தவர் வீட்டுக் குடத்துக்கே அந்தக் கழிவுநீர் முதலில் வந்து சேரலாம். மாடிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டியவர்களுக்குப் பாதுகாப்பான வழி உண்டு. குழாய்நீர் தானாக வந்து விழும்படி தரைமட்டத் தொட்டி ஒன்றைக் கட்டி, அதிலிருந்து பம்பு மூலம் மேலே ஏற்றலாம். தொட்டியின் நீர்ப்பரப்பு வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதாலும், குழாயின் வாய் நீருக்கு மேலே இருப்பதாலும், பம்பின் குறையழுத்தம் தெருக்குழாயை எட்டாது.

எட்டாம் வகுப்பில் 'விசையும் அழுத்தமும்' நடத்தும்போதோ, ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்' நடத்தும்போதோ ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். பள்ளியின் குடிநீர் இணைப்பு எந்த வழியாக வருகிறது, அதன் அருகே கழிவுநீர் செல்கிறதா, எங்கேனும் கசிவு உள்ளதா என்று மாணவர்களையே பார்த்து வரைபடம் வரையச் சொல்லுங்கள். கசிவைக் கண்டால் தலைமையாசிரியர் வழியாக உள்ளாட்சி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதவைக்கலாம். 'கசிவு இருந்தால் தண்ணீர் வெளியே போகும். அழுத்தம் குறைந்தால் அழுக்கு உள்ளே வரும்' என்ற ஒரு வரியை ஒவ்வொரு மாணவரும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொன்னால், நாம் நடத்திய பாடம் தேர்வுத்தாளைத் தாண்டிக் குடிநீர்க் குடம்வரை போய்ச் சேரும்.